வெறிவிலக்கும் ஆற்றுப்படுத்தலும்: பால்புதுமையினர்க்கு உளவளத்துணை அளிப்போரின் பயிற்சி குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

குறிஞ்சித்திணைப் பாடல்களுள் மீண்டும் மீண்டும் இடம்பெறும் காட்சி ஒன்றுண்டு. தலைவி மெலிகிறாள், உணவு கொள்ளாள், உறக்கம் கொள்ளாள். அன்னை அஞ்சிக் கட்டுவிச்சியை வினவுகிறாள். முருகு அணங்கியது என்று கட்டுவிச்சி கூற, வேலன் அழைக்கப்படுகிறான். களம் இழைக்கப்படுகிறது, மறி அறுக்கப்படுகிறது, வெறியாட்டு நிகழ்கிறது. மெலிவுக்குக் காரணம் முருகன் அல்லன், மலைநாட்டுத் தலைவன் ஒருவன்பால் கொண்ட காதலே என்பதைத் தலைவி அறிவாள், தோழியும் அறிவாள். அன்னை மட்டும் அறியாள். கபிலர் பாடிய ஐங்குறுநூற்றுக் குறிஞ்சிப் பகுதியில் வெறிப்பத்து என ஒரு பத்தே இதற்கென அமைந்துள்ளது.

இப்பாடல்களைப் பயிலும் மாணவர் பெரும்பாலும் வேலனை நகைப்புக்குரியவனாகவே காண்பர். தோழியின் கூற்றும் அதற்கு இடந்தருகிறது. எனினும் ஊன்றி நோக்கின், இக்காட்சியில் தீயோர் எவரும் இலர் என்பது புலனாகும். அன்னை மகள்மீது கொண்ட அன்பினாலேயே வேலனை அழைக்கிறாள். வேலன் தான் கற்ற முறைமைப்படியே வினை செய்கிறான். அவனுக்குக் கூலி கிடைக்கிறது; ஆயினும் அவன் ஏமாற்றுகிறான் என்று பாடல்கள் கூறவில்லை. நோயல்லாத ஒன்று நோயாகக் கொள்ளப்பட்டதே பிழை. உண்மையைச் சொல்ல இயலாத வீட்டில் அப்பிழை நேர்ந்தே தீரும்.

பால்புதுமையினராகிய தன்பாலீர்ப்புடையோர், இருபாலீர்ப்புடையோர், திருநர் முதலியோர் உளநல உதவி நாடி வருங்கால், அவர்க்குத் துணைநிற்போர் எவ்வகைப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்னும் வினா அண்மைக்காலத்தில் இந்தியாவில் எழுந்துள்ளது. இது தொழில்நுட்ப வினா மட்டுமன்று, அறவியல் வினாவுமாகும். அதனைக் கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை, பாறசாலை முதல் கள்ளிக்காடு வரை பரந்து கிடக்கும் எல்லைப்புற ஊர்களை மனத்திற்கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. வெறியாட்டுப் பாடல்கள் இவ்வாய்வுக்கு ஓர் ஒப்புமையாகவே கொள்ளப்படுகின்றன; சான்றாக அன்று. சங்கத் தலைவி காதலித்தது ஆடவனையே. பழைய இலக்கியத்துள் தன்பாலீர்ப்புக்குச் சான்று தேடி, அச்சான்றின் வலிமையால் இன்றையோர்க்கு மதிப்பு வழங்கும் போக்கு இவ்வாய்வாளர்க்கு உடன்பாடன்று. சான்று கிடைக்காதொழியின் மதிப்பும் இல்லையாகிவிடும் என்னும் இடர் அதில் உண்டு.

நோயும் தீனமும்

தமிழில் நோய் என்னும் சொல் உடற்பிணியையும் குறிக்கும்; உள்ளத்துத் துன்பத்தையும் குறிக்கும். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் அது பிணி; காமத்துப்பாலில் அது பிரிவுத்துயர். குமரி மாவட்டத்திலும் அதனை அடுத்த நெய்யாற்றின்கரைப் பகுதியிலும் பிணியைத் தீனம் என்று வழங்குவர். மலையாளத்திலும் அதே வழக்குண்டு. வடசொல்லாகிய தீனம் எளிமையையும் வறுமையையும் குறித்து, பின்னர்ப் பிணியையும் குறித்தது. ஆகவே இப்பகுதியில் ஒரு தாய் தன் மகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, 'எம் பிள்ளைக்கு என்னவோ தீனம்' என்று சொல்லும்போது அவர் கூறுவது ஒருவகையில் உண்மையே. பிள்ளை துன்புறுகிறாள். ஆனால் துன்பம் இருக்கிறது என்பதிலிருந்து பிணி இருக்கிறது என்ற முடிவுக்கு மருத்துவர் எவ்வாறு செல்கிறார் என்பதே வினா.

நோயின் முதலை நாடவேண்டும் என்னும் வள்ளுவர் கருத்தைத் தமிழகத்து மருத்துவமனைச் சுவர்களில் எங்கும் காணலாம். பால்புதுமையினர் வகையில் அந்த முதல் எது? தன்பாலீர்ப்பே நோய்முதல் என்று இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உளநல மருத்துவம் கொண்டிருந்தது. 1957இல் ஈவ்லின் ஹூக்கர் என்னும் அமெரிக்க உளவியலார் தன்பாலீர்ப்புடைய ஆடவர் முப்பதின்மர்க்கும் ஏனையோர் முப்பதின்மர்க்கும் உளவியற் சோதனைகள் நடத்தி, அவற்றின் விடைகளைப் பெயர் நீக்கி வல்லுநரிடம் அளித்தார். எவ்விடை எவருடையது என்று வல்லுநரால் பிரித்தறிய இயலவில்லை. 1973இல் அமெரிக்க உளநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. 1990இல் உலக நலவாழ்வு அமைப்பும் அவ்வாறே செய்தது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பன்னாட்டு நோய்ப்பகுப்பில் திருநர் நிலையும் உளநோய்ப் பிரிவிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஈர்ப்பு அன்று, அதன்மீது சமூகம் சுமத்தும் இழிவும் அச்சமும் மறைத்துவாழும் நிலையுமே மன அழுத்தத்திற்கு முதல் என்பதை இலான் மேயர் 2003இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. நோய்முதல் தலைவியினுள் இல்லை. வீட்டிலும் ஊரிலும் இருக்கிறது என்று இதனைக் கூறலாம்.

இவ்விடத்தில் ராபர்ட் ஸ்பிட்சரின் வரலாறு நினைக்கத்தக்கது. 1973ஆம் ஆண்டு நீக்கத்திற்கு முன்னின்று உழைத்தவர் அவர். அவரே 2003இல், ஈர்ப்பை மாற்றிக்கொள்ள விழைவோர் சிலர்க்கு மாற்றம் இயலும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவ்வாய்வு மாற்றியதாகக் கூறியோரின் வாய்மொழியை மட்டுமே நம்பியது. மாற்றுச் சிகிச்சை செய்வோர் பலர் அதனைக் கேடயமாகக் கொண்டனர். 2012இல், தம் முதுமையில், தம் முடிவு தவறானது என ஒப்பி, அச்சிகிச்சையால் காலத்தையும் உழைப்பையும் இழந்தோரிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். கற்றவர் பிழைபடலாம் என்பதைவிட, பிழைபட்டதைப் பலரறியச் சொல்லலாம் என்பதே இங்குப் பயிற்சி பெறுவோர்க்குப் பயன்படும் செய்தி. இந்திய உளநல மருத்துவ இதழ்களிலும் வெறுப்பூட்டு முறையால் ஈர்ப்பை மாற்ற முயன்ற கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றை எழுதியோர் அவ்வாறு எதுவும் கூறியதாக இவ்வாய்வாளர் கண்டதில்லை.

தன்பாலீர்ப்பு நோயன்று என்று இந்திய உளநல மருத்துவச் சங்கம் 2018இல் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றம், வயதுவந்தோர் தம் இசைவுடன் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பகுதியைச் செல்லாததாக்கியது. அதற்கு முன்பே, 2017ஆம் ஆண்டின் உளநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய மதிப்புகளுடன் இணங்காமை உளநோயைத் தீர்மானிக்கும் அடிப்படையாகாது என்று தன் 3ஆம் பிரிவில் கூறிவிட்டது. சட்டம் தெளிவாக உள்ளது. ஆயினும் பாடநூலும் பயிற்சியும் சட்டத்தின் வேகத்தில் நகர்வதில்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2024 ஆகஸ்டு இறுதியில் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டியில், முன்னர் நீக்கப்பட்டிருந்த பெண் தன்பாலீர்ப்பு இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்களுள் ஒன்றாகத் திரும்பவும் இடம்பெற்றது. எதிர்ப்பு எழவே சில நாள்களில் அவ்வழிகாட்டி திரும்பப் பெறப்பட்டது. பழைய ஏட்டிலிருந்து ஒரு வரி மீண்டும் படியெடுக்கப்பட்டிருக்கலாம். ஏடெழுதுவோரால் நேரும் பிழைகளை அறிந்த தமிழாய்வாளர்க்கு இது வியப்பளிக்காது. ஆனால் இங்குப் பிழைபட்டது பாடலன்று, மனிதர்.

நீதிபதி மாணவரானமை

தமிழ்நாட்டில் இவ்வினாவைப் பொதுமன்றத்திற்குக் கொணர்ந்தது 2021ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த சுஷ்மா வழக்கு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இளம்பெண்கள் இருவர், பெற்றோர் அளித்த காணாமற்போனோர் புகார்களின்பேரில் காவல்துறை தொல்லை தருவதாக நீதிமன்றத்தை அணுகினர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார். இதுவரை வழக்கமானதே. அதன்பின் அவர் செய்தது வழக்கத்திற்கு மாறானது. இப்பொருள் குறித்துத் தம் அறிவும் மனப்பாங்கும் போதாதவை என்று ஆணையிலேயே ஒப்பிக்கொண்டு, உளவியலாளர் வித்யா தினகரனிடம் தாமே கற்கச் சென்றார். அக்கல்விக்குப் பின்னரே, 2021 சூன் 7ஆம் நாள் விரிவான ஆணையைப் பிறப்பித்தார். பால்புதுமையினரின் ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்ற முயலும் சிகிச்சையைத் தடைசெய்தும், அதில் ஈடுபடும் மருத்துவரின் உரிமத்தை நீக்குதல் உட்பட நடவடிக்கை வேண்டும் என்றும் அவ்வாணை கூறியது. அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய சிகிச்சையைத் தொழில்நெறிப் பிறழ்வு என அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, இம்மக்களை மதிப்புடன் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

தமக்கு அறிவில்லாத பொருளில் தீர்ப்பளிக்க அதிகாரம் பெற்ற ஒருவர், அவ்வதிகாரத்தைச் சிறிது காலம் நிறுத்திவைத்துக் கற்க முடிந்ததே இந்நிகழ்ச்சியின் அறவியல் நுட்பம். பயிற்சி என்பதன் உள்ளியல்பும் இதுவே எனலாம். உளவளத்துணையாளரும் ஒருவகையில் தீர்ப்பளிப்பவரே. எதனைக் குறிப்பேட்டில் எழுதுவது, எதனைப் பெற்றோரிடம் சொல்வது, எவ்வினாவைக் கேட்பது, எதனைக் கேளாமல் விடுவது என்று ஒவ்வொரு நொடியும் தீர்மானிக்கிறார். 'உனக்கு இவ்வீர்ப்பு எப்போது தொடங்கியது? சிறுவயதில் ஏதேனும் நேர்ந்ததா?' என்று ஒரு பெண்ணைக் காதலிக்கும் பெண்ணிடம் வினவுபவர், ஆடவனைக் காதலிக்கும் பெண்ணிடம் அதே வினாவை எழுப்புவதில்லை. வினாவில் தீமை இல்லை. அது ஒருபுறத்தார்க்கு மட்டும் எழுப்பப்படுவதிலேயே தீர்ப்பு அடங்கியுள்ளது. இதனைத் தாமே உணர்தல் எளிதன்று. பிறர் சுட்டிக்காட்ட வேண்டும். சுட்டிக்காட்டும்போது நாணமும் சினமும் எழும். அந்நாணத்தைத் தாங்கப் பழக்குவதே பயிற்சியின் பெரும்பகுதி.

ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல்

நடுநிலைமையே உளவளத்துணையின் அறம் என்பர் பலர். பால்புதுமையினர்க்கு ஆதரவாகப் பயிற்றுவித்தல் அந்நடுநிலையைக் கெடுக்காதா என்பது நேர்மையான ஐயமே. இதற்கு விடைகாணத் தமிழ்ச் சொல்லே உதவுகிறது. இலங்கைத் தமிழர் உளவளத்துணை என்று கூறுவதனைத் தமிழகத்துக் கல்விநிறுவனங்கள் பலவற்றில் ஆற்றுப்படுத்துதல் என்று வழங்குவர். ஆறு என்பது வழி. ஆற்றுதல் என்பது தணித்தல். இருபொருளும் இச்சொல்லுள் கலந்து ஒலிக்கின்றன. தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படைக்குக் கூறும் இலக்கணத்தில், வளம் பெற்று வரும் கூத்தரோ பாணரோ பொருநரோ விறலியோ எதிர்வரும் வறியவர்க்குத் தாம் சென்ற வழியை அறிவிக்கின்றனர். இங்கு ஆற்றுப்படுத்துபவர் நடுநிலையாளர் அல்லர். எதிர்ப்படுவோரின் பசியை அறிந்தவர். அவ்வழியில் தாமே நடந்தவர். ஆயினும் அவர் கையைப் பிடித்து இழுத்துச் செல்வதில்லை. வழியின் காடும் மலையும் உணவும் தங்கிடமும் இவை என்று கூறி விடுகிறார். நடப்பது வறியவரின் கால்.

இவ்விலக்கணத்தை அப்படியே பொருத்தினால் பால்புதுமையினரே பால்புதுமையினர்க்குத் துணையாக வேண்டும் என்றாகும். எல்லா ஊரிலும் அது இயலாது. இயன்றாலும் அதுவே போதும் என்பதற்கில்லை. ஆயின் பயிற்றுவோர் வகையில் இக்கருத்து முற்றிலும் பொருந்தும். மும்பையைச் சேர்ந்த மாரிவாலா உளநல அமைப்பு 2019 முதல் நடத்திவரும் பால்புதுமையினர்க்கு இசைவான உளவளத்துணைப் பயிற்சியில், பயிற்றுநர் தாமே பால்புதுமையினராகவும் உளநலப் பணியாளராகவும் இருப்பது குறிப்பிடத்தக்கது. அதற்கும் முன்பே, 2013இல், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் வழியாகக் கேதகி ரானடேயும் ஸ்ருதி சக்ரவர்த்தியும் இத்துறையில் ஒரு கையேடு உருவாக்கினர். வழியில் நடந்தோர் வழிகாட்டிகளைப் பயிற்றுவிக்க, அவ்வழிகாட்டிகள் ஏனையோர்க்கு வழிகூறும் முறை இது.

நடுநிலை பற்றிய ஐயம் முழுதும் தீர்ந்ததாக இவ்வாய்வாளர் கூறவில்லை. தம் சமயநெறிப்படி இவ்வுறவு பாவம் என்று உண்மையாகவே நம்பும் ஒருவர் உளவளத்துணையாளராகலாமா? நம்பிக்கையை விடச் சொல்லும் அதிகாரம் எப்பயிற்சிக்கும் இல்லை. ஆனால் நாடி வந்தவரின் அறையில் அந்நம்பிக்கையைச் செயற்படுத்தும் உரிமையும் அவர்க்கு இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் அவர் நேர்மையாக நிற்க முடியுமா என்பதை அவரே ஆய்ந்து, இயலாதெனின் வேறொருவரிடம் அனுப்பவேண்டும். நகரத்தில் இது எளிது. ஒரு வட்டத்திற்கே ஓரிருவர் உள்ள இடத்தில் அனுப்புவதும் ஒருவகைக் கைவிடலே.

எல்லைப்புறச் சொற்கள்

கள்ளிக்காடு நெய்யாற்று அணையை ஒட்டிய ஊர். இன்று காட்டாக்கடை வட்டத்தைச் சார்ந்தது. அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு இப்பகுதியின் உயிர்நாடி. அவ்வாற்றின் கீழ்க்கரையில், நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்தில்தான் 1888இல் நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவிச் சாதி ஒழுங்கை அசைத்தார். தென்திருவிதாங்கூரில் தோள்சீலை உரிமைக்காகப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி, 1859இல் அரசாணை பெற்றனர். உடுத்தும் துணியும் வணங்கும் இடமும் ஒருவரின் மதிப்பைத் தீர்மானிக்கும் என்பதை இம்மண் நன்கறியும். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதனால் களியக்காவிளையின் ஒருபுறத்துத் தமிழ்க் குடும்பத்திற்கு ஓர் உயர்நீதிமன்றம், மறுபுறத்து உறவினர்க்கு வேறோர் உயர்நீதிமன்றம். சென்னையின் 2021ஆம் ஆண்டு ஆணை பாறசாலையில் செல்லாது. தமிழ்நாட்டு அரசிதழின் சொற்பட்டியலும் இவண் வந்துசேர வழியில்லை.

கேரளம் இவ்வகையில் பின்தங்கிய மாநிலமன்று. திருநர்க்கான கொள்கையை 2015இலேயே வகுத்த மாநிலம் அது. ஆயினும் 2020 மே மாதத்தில், இருபாலீர்ப்புடைய கேரள மாணவி ஒருவர் கோவாவில் உயிரிழந்தார். தம் குடும்பத்தார் தம்மை மையங்களில் அடைத்து வலிந்து மருந்து செலுத்தச் செய்தனர் என்று அவர் அதற்குமுன் காணொளியில் கூறியிருந்தார். அதன்பின் குயிரளா என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில், வலிந்து செய்யப்படும் மாற்றுச் சிகிச்சையைத் தடுக்க நெறிமுறை வகுக்குமாறு கேரள உயர்நீதிமன்றம் 2021 திசம்பரில் அரசைப் பணித்தது. இத்தகைய மையங்களை நடத்துவோரில் அனைவரும் மருத்துவர் அல்லர் என்பது கருதத்தக்கது. மருத்துவர்க்கு மருத்துவ ஆணையமும், மருத்துவ உளவியலாளர்க்கு இந்திய மறுவாழ்வுக் குழுமமும் உண்டு. ஆலோசகர் என்று பலகை மாட்டுவோரை நெறிப்படுத்த நெடுங்காலம் எச்சட்டமும் இல்லை. 2021ஆம் ஆண்டின் துணைநலத் தொழிலர் ஆணையச் சட்டம் அவ்விடைவெளியை நிரப்பும் நோக்குடையது.

மொழியின் சிக்கல் சட்டத்தினும் நுண்ணியது. எல்லைப்புறத்தார் பலர் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயில்வோர். ஒரே தொடருக்குள் இருமொழியும் கலப்பது இயல்பு. தமிழில் வந்தான், வந்தாள் என வினைமுற்றே பாலைக் காட்டிவிடும். மலையாளத்திலோ வினைமுற்று பால்காட்டும் ஈற்றை இழந்துவிட்டது. பெயரை விட்டுவிட்டு வினையை மட்டும் கூறினால், வந்தது ஆணா பெண்ணா என்பது வெளிப்படாது. பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி தன் தோழியைப் பற்றிப் பேச வருகிறாள் என்று கொள்வோம். அதுவரை தமிழில் பேசிவந்தவள், காதலைச் சொல்லும் இடத்தில் மலையாளத்திற்கு மாறக்கூடும். பயிற்சி இல்லாதவர் அதனை மழுப்பல் என்று குறித்துக்கொள்வார். பயின்றவர், அவள் பால்காட்டாத மொழிக்குள் ஒதுங்கி நிற்கிறாள் என்று உணர்ந்து, அவளாக ஒரு பாலைக் கூறும்வரை தாமும் அவ்வாறே பால்காட்டாமல் பேசுவார். 'அவனுக்கு என்ன வயது?' என்ற ஒரு வினா போதும், அவள் மீண்டும் வாராதிருப்பதற்கு. தமிழிலும் இதற்கு வழியுண்டு. அவர், வந்தார் என்னும் உயர்வு ஒருமை பால்காட்டாது. ஆனால் இருபது வயதினரை அவர் என்பது ஊர்ப்புறத்தில் விலக்கத்தையும் காட்டும். இதனை எந்நூலும் கற்பிக்காது. அவ்வட்டாரத்துப் பேச்சறிந்தவரே கற்பிக்க முடியும்.

திருநர் வகையில் இலக்கணிகள் கூறியவற்றையும் இங்கு நோக்கலாம். தொல்காப்பியம் பேடியைக் குறிக்கும் பெயர்க்கு உயர்திணையிலேயே இடந்தந்து, தனக்கென ஈறு இல்லாமையால் ஏனைப் பாலின் ஈற்றைக் கொள்ளும் என்கிறது. பிற்காலத்து நன்னூலோ, பெண்மை விட்டு ஆண்மையை அவாவுவது ஆண்பால், ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால் எனப் பகுத்து, இரண்டும் அஃறிணைபோல்வனவும் ஆகும் என முடிக்கிறது. ஒரே நூற்பாவில், ஒருவரின் விழைவே அவர் பாலைத் தீர்மானிக்கும் என்னும் கருத்தும், அவரை அஃறிணைக்கு அருகில் தள்ளும் கருத்தும் உடனிருக்கின்றன. திருக்குறள் இருமுறை பேடி என்னும் சொல்லைப் பயனற்ற வீரத்திற்கு உவமையாக்குகிறது. நம் மரபு தூயதுமன்று, முழுதும் தீயதுமன்று. இதனைப் பயிற்சி வகுப்பில் மறைக்காமல் வைக்கவேண்டும். 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கையர்க்கென நலவாரியம் அமைந்தபின், பழைய இழிசொற்கள் அரசு ஏடுகளிலிருந்து மறைந்தன, நாவிலிருந்து மறையவில்லை.

மாற்றித் தருக எனக் கேட்போர்

இதுவரை கூறியவை ஒப்பீட்டளவில் எளியவை. கடினமான வினா வேறு. நாடி வந்தவரே, எவர் வற்புறுத்தலும் இன்றி, 'என்னை மாற்றித் தாருங்கள்' என்று கேட்டால் செய்யவேண்டுவது யாது? ஒருவரின் விருப்பத்தை மதித்தல் அறமெனின் இவ்விருப்பத்தை மட்டும் மறுப்பது எவ்வாறு?

அவ்விருப்பம் அச்சத்தில் விளைந்தது, ஆகவே மெய்யான விருப்பமன்று என்று சிலர் விடையிறுப்பர். இவ்விடை எளிது, ஆயின் ஏற்கத்தக்கதன்று. ஒருவர் சொல்வதை நமக்கு உவப்பானபோது மெய் என்றும் உவப்பில்லாதபோது மயக்கம் என்றும் கொள்வது வேலனின் முறையே. உச்சநீதிமன்றம் 2024 மார்ச்சு 11ஆம் நாள், கேரளத்திலிருந்து வந்த தேவு ஜி. நாயர் வழக்கில் அளித்த தீர்ப்பு இங்கு வழிகாட்டுகிறது. உயர்நீதிமன்றம் அவ்வழக்கில் ஆலோசனை அமர்வுக்கு ஆணையிட்டிருந்தது. ஆலோசனை என்ற பெயரால் ஒருவரின் ஈர்ப்பையோ அடையாளத்தையோ மாற்ற முயலலாகாது என்று உச்சநீதிமன்றம் எல்லா நீதிமன்றங்களுக்கும் நெறி வகுத்தது. ஆனால் அவ்வழக்கிலேயே, வழக்குக்குரிய பெண் தாம் பெற்றோருடன் இருக்கவே விரும்புவதாக நீதித்துறை அலுவலரிடம் கூறவே, அச்சொல்லையும் நீதிமன்றம் ஏற்றது. நெறியை வகுத்தவர்க்கு உவப்பான விடை அதுவாக இராதிருக்கலாம். எனினும் அவர் சொல் அவர் சொல்லே.

ஆகவே விருப்பத்தின் மெய்ம்மையை ஐயுறுவதில் விடை இல்லை. மருத்துவத்தின் தன்மையில் இருக்கிறது. நோயாளி கேட்டார் என்பதற்காக மருந்தல்லாததை மருந்தென்று கொடுக்கும் உரிமை மருத்துவர்க்கு இல்லை. மாற்றுச் சிகிச்சை பயன் தருவதற்குச் சான்று இல்லை. தீங்கு தருவதற்குச் சான்று உண்டு. எனவே 'அதனை நான் செய்ய இயலாது' என்று கூறவேண்டும். அங்கே நின்றுவிட்டாலோ அது கதவடைப்பே. அந்நொடியில் அவர்க்குத் தேவை கொள்கை விளக்கமன்று. திருமணப் பேச்சு நெருங்குகிறதா, ஊரில் எவரேனும் அறிந்துவிட்டனரா, தற்கொலை எண்ணம் உண்டா, எந்த நாளை அவர் அஞ்சுகிறார் என்பவையே வினாக்கள். பெருமிதத்துடன் வாழ்க என்று வாழ்த்தி அனுப்புவதும் சில வேளை கேட்காமையின் ஒரு வடிவமே. ஊரைவிட்டுச் செல்ல இயலாதவர், வெளிப்பட விரும்பாதவர், தம் சமயத்தை நேசிப்பவர் ஆகியோர்க்கு நகரத்துப் பயிற்சி நூல்கள் போதிய இடமளிக்கவில்லை என்பது இவ்வாய்வாளரின் கருத்து.

பதினெட்டு நிரம்பாதோர் வகையில் சிக்கல் மேலும் முறுகுகிறது. சட்டப்படி அவர்க்காக முடிவெடுப்போர் பெற்றோர். உளநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மறைகாப்பு உரிமையை வழங்குகிறது. ஆயின் பதினாறு வயது மாணவியிடம் பள்ளி ஆலோசகர் கேட்டறிந்ததைத் தாய் வந்து வினவும்போது, தாய் தம் உறவினராகவோ ஒரே தேவாலயத்தினராகவோ இருப்பின், மௌனமும் விடையாகிவிடும். சிற்றூரில் காத்திருப்போர் இருக்கையில் அமர்ந்திருப்பதே ஒரு செய்தி. இதற்குத் திட்டவட்டமான விதி கூற இயலவில்லை. எதனைக் காக்க முடியும், எதனைக் காக்க முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே மாணவியிடம் சொல்லிவிடுதல் இயலும். அதனையேனும் செய்யவேண்டும்.

செவிலிக்குச் சொன்ன விடை

பாலைத்திணையில் மற்றொரு காட்சி உண்டு. மகள் உடன்போக்கில் சென்றுவிட்டாள். கள்ளியும் வெம்மையும் நிறைந்த வழியில் செவிலி தேடிச் செல்கிறாள். எதிரே வரும் முக்கோற்பகவரிடம், என் மகளும் ஒருத்தியின் மகனும் இவ்வழிச் செல்லக் கண்டீரோ என வினவுகிறாள். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் கலித்தொகைப் பாடல் அது. கண்டோம் என்கின்றனர் அவர். பின்னர், மலையில் பிறந்த சந்தனம் மலைக்கு என்ன பயன், கடலில் பிறந்த முத்து கடலுக்கு என்ன பயன், யாழில் பிறந்த இசை யாழுக்கு என்ன பயன் என்று நினைப்பூட்டி, அவள் சென்றது அறத்தின் வழியே என்று தேற்றுகின்றனர்.

இக்காட்சி குடும்பத்தார்க்கான உளவளத்துணையாகவே தோன்றுகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. காணவில்லை என்று மறைக்கவில்லை. மகளைத் திருப்பி அழைத்துவர உதவவும் இல்லை. செவிலியின் துயரை இழிக்கவும் இல்லை. ஈன்றோர் தாம் ஈன்றதற்கு உரிமையாளர் அல்லர் என்பதை, அவள் அறிந்த பொருள்களைக் கொண்டே அவளுக்குக் காட்டினர். 2021 வழக்கில் பெற்றோரைச் சந்தித்த உளவியலாளரின் அறிக்கையில் ஒரு செய்தி உண்டு. மகளிர் தம் பாலைச் சேர்ந்தவருடன் வாழ்வதினும் துணையின்றித் துறவுபோல் வாழ்வதே மேல் என்று பெற்றோர் கருதினர். கொடுமை எனத் தோன்றும் இக்கூற்றினுள்ளும் ஓர் அச்சம் இருக்கிறது: நாளை ஊரார் என்ன கூறுவர், முதுமையில் நம்மை யார் காண்பர், இளைய மகளின் திருமணம் என்னாகும். மகளுக்கு ஆதரவாகப் பயின்ற துணையாளர், இவ்வச்சங்களை மூடநம்பிக்கை என்று தள்ளினால், தாயும் தந்தையும் அடுத்த நாள் வேறொரு பலகையைத் தேடிச் செல்வர். வேலன் எப்போதும் அருகில் இருக்கிறான்.

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளில் குடும்பத் துயரை முதலிற் கேட்போர் உளவியலாளர் அல்லர். தேவாலயப் போதகர், கோயிற் குறிசொல்வோர், பள்ளி ஆசிரியர், ஆஷா பணியாளர், ஊர் மருந்தகத்தார் என்போரே கேட்கின்றனர். கேரளப் பள்ளிகளில் மகளிர் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை வழியாகப் பணிபுரியும் உளசமூக ஆலோசகர்களும் உளர். பயிற்சி என்பதை முதுகலைப் பட்டம் பெற்ற சிலர்க்கே உரியதாகக் கொண்டால், இவ்வூர்களில் அது எவரையும் தொடாது. இவர்களுக்கு நீண்ட பாடம் வேண்டுவதில்லை. இது பிணியன்று என்பது, எவரிடமும் சொல்லாதிருப்பது, அடிப்பதையும் அடைப்பதையும் தடுப்பது, அடுத்து எங்கு அனுப்புவது என்பது ஆகிய இவ்வளவே முதற்கட்டத்திற்குப் போதும். அனுப்பும் இடத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசிதழின் சொற்களை எடுத்து, கேரளத்தில் வழங்கும் சொற்களை அதனருகில் வைத்து, எல்லைப்புற வழக்குக்கு ஏற்ற இருமொழிக் கைப்பட்டியல் ஒன்றை உருவாக்குவது மருத்துவத் துறையினரால் மட்டும் முடியாது. அப்பட்டியலுக்கான சொற்களை அவ்வூர்ப் பால்புதுமையினரிடமே கேட்டுத் தொகுக்கவேண்டும். வட்டார வழக்குச் சொல்லகராதிப் பணியில் பழகிய தமிழ்த்துறைகள் இக்களப்பணியைத் தொடங்கலாம்; பெயரும் ஊரும் பதியாமல்.